சிமுலேட்டரில் ஓடுகிறது, போர்டில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை தவறுகிறது

#1 சுட்டிமுனை

எல்லாருக்கும் வணக்கம். பத்து நாளாக ஒரு பிழையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். விவரமாகவே எழுதிவிடுகிறேன்.

கன்வேயரில் வரும் அட்டைப்பெட்டி சென்சாரைத் தாண்டியதும் ஒரு சோலினாய்டு (மின்சாரம் பாய்ந்தால் தண்டை நகர்த்தும் சுருள்) அதைப் பக்கவாட்டில் தள்ள வேண்டும். 400 மில்லி வினாடி பிடித்திருந்தால்தான் பெட்டி முழுதாக நகரும். ஏவிஆர் வகை ஏடிமெகா328பி சிப், 16 மெகாஹெர்ட்ஸ், சி மொழி, ஏவிஆர் ஜிசிசி கம்பைலர். டைமர் மில்லி வினாடிக்கு ஒருமுறை இன்டரப்ட் தருகிறது, அதாவது ஓடும் நிரலை இடையில் நிறுத்தி ஒரு சிறு நிரல் துண்டை ஓட்டவைக்கிறது. அந்த இன்டரப்டில் ஒரு 16 பிட் எண்ணியில் ஒன்று கூட்டுகிறேன். மெயின் லூப் அந்த எண்ணியைப் படித்து, தொடங்கிய நேரத்தை அதிலிருந்து கழித்து, 400 ஆனதும் சோலினாய்டை விட்டுவிடுகிறது. இடையில் திரையைப் புதுப்பிக்கிறது, பொத்தான்களைப் பார்க்கிறது. வேறு ஒன்றும் இல்லை.

சிப்பைப் போலவே நடந்துகொள்ளும் கணினி நிரலான சிமுலேட்டரில் இருநூறு முந்நூறு தடவை ஓட்டிவிட்டேன், ஒருமுறைகூடத் தவறவில்லை. போர்டில் ஏறத்தாழ 5 வினாடிக்கு ஒரு பெட்டி வருகிறது. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறையாவது சோலினாய்டு பாதியிலேயே விட்டுவிடுகிறது. பெட்டி குறுக்கே நின்று, பின்னால் வருவதெல்லாம் முட்டிக்கொள்கிறது. நிரலை நிறுத்தி நிறுத்திப் பார்க்க உதவும் டீபக்கரைப் போட்டு வரி வரியாக நகர்த்தினால் எல்லாம் சரியாக இருக்கிறது.

எண்ணிக்கு வாலடைல் என்ற சி குறிச்சொல்லைப் போட்டிருக்கிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தக் கருவியைக் கையில் எடுத்தால் இது பிடிபடும்? சிமுலேட்டரை நம்பியதே தப்பா?

#2 இரும்புப்பெட்டி

தப்புதான். சிமுலேட்டரை மூடி வையுங்கள். அதில் சோலினாய்டு கிடையாது, கம்பி கிடையாது, மின்னழுத்தம் சரியாது. சுருளை அணைக்கும்போது எழும் எதிர் மின்னழுத்தம் சிப்பை ரீசெட் செய்துவிடும். நிரல் முதலிலிருந்து தொடங்கும், சோலினாய்டு விழுந்துவிடும். சுருளுக்குக் குறுக்கே டையோடு இருக்கிறதா? சப்ளை லைனில் கெப்பாசிட்டர் போதுமா? அதை முதலில் பாருங்கள்.

இருபது வருடத்தில் சிமுலேட்டர் எனக்கு ஒரு நிஜப் பிழையைக்கூடக் காட்டியதில்லை.

#3 சுட்டிமுனை

டையோடு இருக்கிறது அண்ணா. ரீசெட் சந்தேகம் எனக்கும் வந்தது. அதனால் நிரல் தொடங்கும்போதே ரீசெட் காரணத்தைச் சொல்லும் ரெஜிஸ்டரை (சிப்புக்குள் இருக்கும் சிறு சேமிப்பறை) படித்து, மின்சாரம் போனாலும் அழியாத இஇப்ராம் நினைவகத்தில் எழுதி வைத்தேன். நாலு தடவை பெட்டி சிக்கியது, ஆனால் புதிதாக ஒரு பதிவும் இல்லை. சிப் ரீசெட் ஆகவில்லை. நிரலே தெரிந்துதான் சோலினாய்டை விடுகிறது.

#4 அலைமானி

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள். பலர் அந்த ரெஜிஸ்டரைப் பார்க்காமலே வாரக்கணக்கில் கெப்பாசிட்டர் மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

இனி லாஜிக் அனலைசர், மின்னழுத்தம் எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்று பதிவு செய்யும் கருவி. சோலினாய்டை ஓட்டும் பின்னில் (சிப்பின் கால்) ஒரு கம்பி, தரைக்கு ஒரு கம்பி, அது போதும். சிக்ரோக் மென்பொருள் இருந்தால் கட்டளை வரியிலிருந்தே ராத்திரி முழுக்கப் பதிவு செய்யலாம். வேகமாகப் பதியத் தேவையில்லை. மில்லி வினாடிதானே பார்க்கிறோம், வினாடிக்கு 20,000 மாதிரி எடுத்தாலே தாராளம். கோப்பும் சிறிதாக இருக்கும்.

பிழை நடக்கும் நொடியைப் பிடிக்க உட்கார்ந்திருக்க வேண்டாம். ஒவ்வொரு துடிப்பும் எத்தனை மில்லி வினாடி நீண்டது என்ற பட்டியலை எடுங்கள். குறுகிய துடிப்புகளின் அளவுகளை இங்கே போடுங்கள். எல்லாம் ஒரே அளவா, கண்டபடியா, ஓர் எல்லைக்குள்ளா என்று தெரிந்தால் பாதி வழி வந்த மாதிரி.

#5 படிப்படி

இடையில் வந்து கேட்பதற்கு மன்னிக்கவும். கல்லூரியில் 8085 நுண்செயலிப் பாடம் தொடங்கியிருக்கிறது. வீட்டில் பழக எந்த மென்பொருள் நல்லது? அதற்கான பயிற்சிப் பலகை, அதாவது கிட், ஆய்வகத்தில் மட்டும்தான் இருக்கிறது.

#6 பழையகிட்85

தம்பி, ஜிஎன்யூசிம்8085 என்று ஒன்று இருக்கிறது, இலவசம். அசெம்பிளர் (கட்டளைப் பெயர்களைச் செயலியின் பைட்டுகளாக மாற்றுவது), ரெஜிஸ்டர் பார்வை, ஒவ்வொரு கட்டளையாக நகர்த்துவது எல்லாம் அதிலேயே உண்டு. தொடங்க அது போதும்.

ஆனால் ஒரு மாதமாவது கையால் அசெம்பிள் செய்யுங்கள். கட்டளை அட்டவணையைப் பார்த்து ஒவ்வொரு பைட்டாகத் தாளில் எழுதி, கிட்டின் ஹெக்ஸ் விசைகளில் அடியுங்கள். ஒரு தாவல் கட்டளைக்கு மூன்று பைட், அதில் முகவரியின் கீழ்ப் பாதி முதலில் வரும், மேல் பாதி பிறகு வரும் என்பதெல்லாம் விரலில் ஏறிவிடும். நினைவகத்தில் ஒரு 16 பிட் எண் இரண்டு தனித்தனி அறைகளில்தான் இருக்கிறது என்பது அப்போதுதான் உடம்பில் பதியும்.

டீபக்கர் என்பது மந்திரம் இல்லை என்பதும் அந்தக் கிட்டில்தான் எனக்குப் புரிந்தது. 8085-இலும் அதற்கு முந்தைய 8080-இலும் ஆர்எஸ்டி 7 என்று ஒரு கட்டளை, அதன் குறியீடு எஃப்எஃப் (ஹெக்ஸில் 255), ஒரே பைட். அது வந்தால் செயலி திரும்பும் முகவரியை ஸ்டாக் என்ற நினைவகப் பகுதியில் வைத்துவிட்டு 0038-க்குத் தாவும். நிறுத்த வேண்டிய இடத்தில் இருக்கும் பைட்டை எடுத்து வைத்துக்கொண்டு, அங்கே எஃப்எஃப் எழுதிவிட்டால் பிரேக்பாயின்ட் (நிரல் நிற்கும் இடம்) தயார். செயலி 0038-க்கு வந்ததும் கிட்டை நடத்தும் மானிட்டர் என்ற நிரல் ரெஜிஸ்டர்களைச் சேமித்துக் காட்டும், பழைய பைட்டைத் திருப்பி வைக்கும். சிபி/எம் என்ற பழைய இயங்குதளக் காலத்து டிடிடி டீபக்கரும் இதே வேலையைத்தான் செய்தது.

இன்னொன்றும் உண்டு. புற ஊதா விளக்கில் அழித்த இப்ராம் நினைவகச் சிப்பின் ஒவ்வொரு பைட்டும் எஃப்எஃப்தான். நிரல் வழிதவறி வெற்று நினைவகத்துக்குள் போனால் செயலி படிப்பது ஆர்எஸ்டி 7. நேராக 0038-க்கு வந்து நிற்கும். வழிதவறியது எங்கே என்று ஸ்டாக்கைப் பார்த்தால் தெரிந்துவிடும். அது எங்களுக்கு எத்தனை ராத்திரிகளை மிச்சப்படுத்தியிருக்கிறது தெரியுமா!

#7 மூலக்கோப்பு

// இருபது வருடத்தில் சிமுலேட்டர் எனக்கு ஒரு நிஜப் பிழையைக்கூடக் காட்டியதில்லை. //

அண்ணா, இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1975-இல் பால் ஆலனும் பில் கேட்ஸும் ஆல்டேர் கணினிக்கு பேசிக் என்ற நிரல் மொழியை எழுதியபோது அவர்களிடம் ஆல்டேரே இல்லை. அதன் செயலியான 8080-இன் கையேட்டை வைத்து, ஹார்வர்டில் இருந்த பிடிபி-10 கணினியில் ஓடும் ஒரு 8080 சிமுலேட்டரை ஆலன் எழுதினார். பேசிக் முழுவதும் அதற்குள்தான் வளர்ந்தது, சோதிக்கப்பட்டது. பேசிக் பதிந்த காகித நாடாவை எடுத்துக்கொண்டு, ஆல்டேரைத் தயாரித்தவர்கள் இருந்த அல்புகர்க்கிக்குப் போனார். நிஜக் கணினியில் அது ஓடியது. 2+2 என்று அடித்தார், 4 என்று வந்தது. கையேட்டில் ஒரு கட்டளையை அவர் தவறாகப் புரிந்திருந்தால்கூட எல்லாமே சரிந்திருக்கும்.

அதற்கும் முன்பே, சிபி/எம்மை உருவாக்கிய கேரி கில்டால் இன்டெலுக்காக 8008, 8080 இரண்டுக்கும் ஃபோர்ட்ரான் மொழியில் சிமுலேட்டர் எழுதியிருந்தார். சிப்பைக் கையில் தொடாமல் நிரல் எழுதும் வழக்கம் நுண்செயலி பிறந்த நாளிலிருந்தே கூட வருகிறது.

#8 இரும்புப்பெட்டி

அந்தக் கதையில் நீங்கள் விட்டுவிட்ட பகுதியை நான் சொல்கிறேன். நாடாவிலிருந்து பேசிக்கை நினைவகத்துக்கு ஏற்ற ஒரு லோடர் வேண்டும் என்பதே விமானத்தில்தான் ஆலனுக்கு நினைவு வந்தது. சிமுலேட்டரில் அது தேவைப்படவே இல்லை, அதனால் யாரும் எழுதவில்லை. இறங்குவதற்குள் தாளில் எழுதி முடித்தார், முன்பலகைச் சுவிட்சுகளில் பைட் பைட்டாக ஏற்றினார்கள். சிமுலேட்டர் எதைக் காட்டாதோ அங்கேதான் ஓட்டை இருக்கும் என்று நான் சொல்வது இதைத்தான்.

கியூஇஎம்யூ என்ற சிமுலேட்டரில் நிரல் ஓடுகிறது என்று காட்டி என்னிடம் கொண்டுவருகிறார்கள். கட்டளைகளின் பலனை அது சரியாகத் தரும், மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு கட்டளைக்கும் எத்தனை கடிகாரச் சுழற்சி என்று அது கணக்கு வைப்பதில்லை. காலத்தோடு சம்பந்தப்பட்ட பிழையை அதில் எப்படிப் பார்ப்பது?

#9 சுட்டிமுனை

ராத்திரி முழுக்கப் பதிவு எடுத்தேன். பத்து மணி நேரம், ஏறக்குறைய 7,200 துடிப்பு. ஆறு மட்டும் குறுகியவை. மற்றதெல்லாம் 400, அங்கொன்றும் இங்கொன்றுமாக 401.

குறுகியவை, மில்லி வினாடியில்: 172, 384, 151, 266, 319, 208.

எனக்கு இதில் ஒரு ஒழுங்கும் தெரியவில்லை.

#10 மூலக்கோப்பு

எனக்குத் தெரிகிறது. 151 தான் மிகச் சிறியது. 100-க்குக் கீழே ஒன்றுகூட இல்லை. கண்டபடி விழும் பிழை என்றால் 20, 60, 90 என்றும் வந்திருக்க வேண்டும்.

400-இலிருந்து 255-ஐ, ஒரு பைட் கொள்ளும் மிகப் பெரிய எண்ணை, கழியுங்கள். 145. எல்லாம் அதற்கு மேலே.

எண்ணியைப் படிக்கும் வரியின் அசெம்பிளியை, அதாவது கம்பைலர் தந்த செயலிக் கட்டளைகளை, இங்கே போடுங்கள். ஏவிஆர் ஆப்ஜ்டம்ப் கருவியில் சி வரியும் கட்டளையும் கலந்து வரும்படி எடுத்தால் கண்டுபிடிக்க எளிது.

#11 சுட்டிமுனை

அந்த ஒரு வரிக்கு இவ்வளவுதான் வருகிறது:

எல்டிஎஸ் ஆர்24, 0104
எல்டிஎஸ் ஆர்25, 0105

இதில் என்ன தப்பு? கீழ் பைட்டை ஒரு ரெஜிஸ்டரில் எடுக்கிறது, மேல் பைட்டை அடுத்ததில் எடுக்கிறது.

#12 மூலக்கோப்பு

ஒவ்வொன்றாகப் பார்த்தால் தப்பே இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் உங்கள் பிழை.

எண்ணி 255-இல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல் பைட் 0, கீழ் பைட் 255. முதல் எல்டிஎஸ் கீழ் பைட்டைப் படிக்கிறது, ஆர்24-இல் 255. சரியாக அந்த நேரம் டைமர் இன்டரப்ட் வருகிறது. எண்ணி 256 ஆகிறது, அதாவது மேல் பைட் 1, கீழ் பைட் 0. இன்டரப்ட் முடிந்து செயலி திரும்புகிறது. இரண்டாவது எல்டிஎஸ் மேல் பைட்டைப் படிக்கிறது, ஆர்25-இல் 1. இப்போது மெயின் லூப் கையில் இருப்பது மேலே 1, கீழே 255. மேல் பைட்டின் 1 என்பது 256, அதோடு 255-ஐக் கூட்டினால் 511.

எண்ணி 255 ஆக இருந்தது, 256 ஆனது. 511 ஆக எப்போதும் இருந்ததே இல்லை. ஆனால் உங்கள் நிரல் 511 என்று நம்புகிறது. நிஜத்தைவிட 255 மில்லி வினாடி கூடுதலாகப் போய்விட்டதாக நினைக்கிறது. சோலினாய்டு தொடங்கி 145 மில்லி வினாடி ஆகியிருந்தால் போதும், 145-உம் 255-உம் 400. விட்டுவிடுகிறது.

511-லிருந்து 512-க்குப் போகும்போதும் இதே கதை, 767 என்று படிக்கும். ஒவ்வொரு 256-க்கும் ஒருமுறை இந்தக் கதவு திறந்து மூடுகிறது.

#13 அலைமானி

அருமை. கணக்கும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடலாம். சுட்டிமுனை, உங்கள் மெயின் லூப் ஒரு சுற்றுக்கு எவ்வளவு எடுக்கிறது? தெரியாவிட்டால் லூப்பின் தொடக்கத்தில் ஒரு பின்னைப் புரட்டுங்கள். இந்தச் சிப்பில் பின் ரெஜிஸ்டரில் 1 எழுதினாலே பின் தானாகப் புரளும். ஒரே கட்டளை, நிரலின் நேரத்தை அதிகம் கெடுக்காது. நான் எந்தத் திட்டத்திலும் இப்படி இரண்டு பின்களைக் காலியாக விட்டு வைப்பேன், ஒன்று லூப்புக்கு, ஒன்று இன்டரப்டுக்கு. திரையில் எழுத்து அச்சிட்டுத் தேடுவதைவிட இது எத்தனையோ மேல். அச்சிடுவதற்கே மில்லி வினாடிக் கணக்கில் ஆகும், தேடும் பிழை அதற்குள் இடம் மாறிவிடும்.

#14 சுட்டிமுனை

பார்த்தேன் அண்ணா. சராசரியாக 125 மைக்ரோ வினாடி. திரையில் எழுதும் சுற்றுகள் கொஞ்சம் நீளம்.

#15 அலைமானி

125 மைக்ரோ வினாடி என்றால் 16 மெகாஹெர்ட்ஸில் 2,000 சுழற்சி. ஒரு எல்டிஎஸ்ஸுக்கு 2 சுழற்சி. அது ஓடும்போது இன்டரப்ட் எழுந்தால், அந்தக் கட்டளை முடிந்ததும் இன்டரப்ட் உள்ளே நுழையும், உங்கள் படிப்பு இரண்டாக வெட்டுப்படும். ஆக 2,000-இல் 2, ஆயிரத்தில் ஒன்று. 145-லிருந்து 400 வரையிலான நேரத்தில் 256-இன் மடங்கு ஏறக்குறைய ஒருமுறை வந்துவிடும். 5 வினாடிக்கு ஒரு பெட்டி, ஆயிரம் பெட்டிக்கு 5,000 வினாடி. 83 நிமிடம்.

முதல் பதிவில் நீங்கள் எழுதியது ஒன்றரை மணி நேரம். பத்து மணி நேரத்தில் ஏழு முறை எதிர்பார்க்கலாம், ஆறு வந்திருக்கிறது. எனக்கு இதற்கு மேல் சந்தேகம் இல்லை.

#16 படிப்படி

அப்படியென்றால் டீபக்கரில் ஏன் தெரியவில்லை?

#17 மூலக்கோப்பு

அவர் வரி வரியாக நகர்த்தினார். எண்ணியைப் படிப்பது ஒரே ஒரு சி வரி, ஆனால் இரண்டு கட்டளை. டீபக்கர் அந்த வரியைத் தாண்டும்போது இடைவெளியையும் சேர்த்தே தாண்டிவிடுகிறது. கட்டளை கட்டளையாக நகர்த்தியிருந்தாலும், 256-இன் எல்லையில் எண்ணி நிற்கும்போது இன்டரப்டும் வந்திருக்க வேண்டும். கையால் நகர்த்தி ஆயிரம் பெட்டியை யார் பார்ப்பது?

#18 பழையகிட்85

வாலடைலைப் பற்றி ஒரு வார்த்தை. நிறையப் பேர் அதைப் பூட்டு என்று நினைக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் நினைவகத்துக்குப் போய்ப் படி, ரெஜிஸ்டரில் இருக்கும் பழையதை நம்பாதே என்று கம்பைலரிடம் சொல்வது மட்டும்தான் அதன் வேலை. ஒரே மூச்சில் படி என்று அது சொல்வதில்லை. இந்த ஏவிஆர் செயலியால் 16 பிட்டை ஒரே கட்டளையில் நினைவகத்திலிருந்து எடுக்கவும் முடியாது.

தீர்வு எளிது தம்பி. படிப்பதற்கு முன், இன்டரப்ட் திறந்திருக்கிறதா என்று காட்டும் நிலை ரெஜிஸ்டரைச் சேமித்து, இன்டரப்டை மூடி, இரண்டு பைட்டையும் எடுத்து, நிலை ரெஜிஸ்டரைத் திருப்பி வையுங்கள். ஏவிஆர் லிப்சி நூலகத்தில் இதற்கென்றே அட்டாமிக் பிளாக் இருக்கிறது, பழைய நிலையை மீட்கும் வகையைப் பயன்படுத்துங்கள். கடைசியில் இன்டரப்டைக் கண்ணை மூடிக்கொண்டு திறந்துவிடாதீர்கள். ஏற்கெனவே மூடியிருந்த இடத்திலிருந்து யாராவது இந்தப் படிப்பை அழைத்திருந்தால், அவர்களுடைய பாதுகாப்பையும் சேர்த்து உடைத்துவிடுவீர்கள்.

தொடக்க நேரத்தைப் படிக்கும் வரியையும் மறக்காதீர்கள். அங்கே இது நடந்தால் 256-லிருந்து 511-ஐக் கழிக்க நேரிடும். குறியில்லாத 16 பிட்டில் விடை 65,281. சோலினாய்டு எழுந்தவுடனே விழும். ஒரு தடவைதான் படிக்கிறது என்பதால் வாய்ப்பு 20 லட்சத்தில் ஒன்றுதான். ஆனால் இயந்திரம் வருடக்கணக்கில் ஓடப்போகிறது.

#19 இரும்புப்பெட்டி

நான் மின்சாரத்தைச் சந்தேகப்பட்டது தவறு, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் இந்த இழையில் பிழையைக் காட்டியது லாஜிக் அனலைசர், இடத்தைச் சொன்னது அசெம்பிளி. சிமுலேட்டர் எங்கே உதவியது? முந்நூறு தடவை சரி சரி என்றுதானே சொன்னது?

#20 மூலக்கோப்பு

இதுவரை உதவவில்லை. இனிதான் அதற்கு வேலை.

தீர்வைப் போட்டுவிட்டு போர்டில் ஒரு ராத்திரி ஓட்டினால் என்ன தெரியும்? ஒன்றும் தவறவில்லை என்றுதான் தெரியும். பத்து மணி நேரத்தில் ஏழு வர வேண்டிய இடத்தில் பூஜ்யம் என்றால் மனம் சமாதானமாகும், அவ்வளவே. அந்த 20 லட்சத்தில் ஒன்றைப் போர்டில் எத்தனை மாதம் காத்திருந்து பார்ப்பது? நிஜ டைமரை ஒரு குறிப்பிட்ட கட்டளைக்கு நடுவில் வரவைக்க முடியாது.

சிமுலேட்டரில் முடியும். சிம்ஏவிஆர் என்ற ஏவிஆர் சிமுலேட்டரை ஒரு நூலகமாக நம் சோதனை நிரலோடு சேர்த்துக்கொள்ளலாம். எண்ணியை 255-இல் வைத்து, லூப்பின் முதல் கட்டளையிலிருந்து தொடங்கு. ஒரு கட்டளை ஓட்டு, டைமர் இன்டரப்டை எழுப்பு, லூப்பை முடி, படித்த மதிப்பைப் பார். 255 அல்லது 256 என்றால் சரி, வேறு எதுவானாலும் தவறு. மறுபடி தொடக்கத்துக்கு வா. இந்தத் தடவை இரண்டு கட்டளை ஓட்டிவிட்டு எழுப்பு. அடுத்து மூன்று. இப்படி லூப் முழுக்க. இன்டரப்ட் நுழையக்கூடிய ஓர் இடத்தைக்கூட விடாமல் எல்லாவற்றையும் சில நொடியில் பார்த்துவிடலாம்.

முந்நூறு தடவை ஓட்டியபோது நாம் அதை போர்டைப் போலவே நடத்தினோம். ஓடு என்றோம், ஓடியது. ஆயிரத்தில் ஒன்று அதிலும் தற்செயலாகத்தான் கிடைத்திருக்கும். சென்சார் சமிக்ஞையும் எப்போதும் ஒரே தாளத்தில் கொடுத்திருப்பீர்கள், இன்டரப்ட் லூப்பின் அதே சில இடங்களில்தான் திரும்பத் திரும்ப விழுந்திருக்கும். தெரியாத பிழையைத் தேடச் சிமுலேட்டர் சுமாரான இடம். சந்தேகப்பட்ட பிழையை நிரூபிக்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

#21 படிப்படி

இவ்வளவு எழுத வேண்டுமா ப்ரோ? ஜிடிபி டீபக்கரில் இரண்டாவது எல்டிஎஸ்ஸில் பிரேக்பாயின்ட் வைத்து, அங்கே நின்றதும் எண்ணியின் மதிப்பை 256 என்று கையால் மாற்றிவிட்டுத் தொடர்ந்தால் 511 வந்துவிடுமே?

#22 மூலக்கோப்பு

வரும். பிழை இருக்கிறது என்று காட்ட அது அழகான வழி, ஐந்து நிமிட வேலை. ஆனால் தீர்வைச் சோதிக்க அது உதவாது. இன்டரப்டை மூடிய பிறகும் நீங்கள் ஜிடிபி வழியாக நினைவகத்தை மாற்றினால் 511 தான் வரும். இன்டரப்ட் மூடியிருக்கிறதா என்று ஜிடிபி கேட்காது. அந்த இடத்தில் நிலை ரெஜிஸ்டரின் 7-ஆவது பிட்டைப் பார்த்து, 1 என்றால் மட்டும் மாற்று என்று ஸ்கிரிப்டில் எழுத வேண்டும். நிஜமான இன்டரப்டை எழுப்பினால் அந்தப் பொறுப்பைச் சிமுலேட்டரே ஏற்றுக்கொள்ளும். ஆனால் கேள்வி நல்ல கேள்வி.

#23 கூட்டல்குறி

நான் இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எங்கள் குழுவில் யூனிட்டி என்ற சி சோதனை நூலகத்தை வைத்து சோதனைகளை மேசைக் கணினியில்தான் ஓட்டுகிறோம். சிப்பே தேவையில்லை, நொடியில் முடிகிறது. அது போதாதா?

#24 மூலக்கோப்பு

கணக்கு, நிலை மாற்றங்கள், செய்தியைப் பிரித்துப் படிப்பது ஆகியவற்றுக்கு அது மிக நல்லது, விடாதீர்கள். ஆனால் ஒன்றை முயன்று பாருங்கள். 200 மதிப்புள்ள இரண்டு 8 பிட் மாறிகளைப் பெருக்கி, விடையை ஒரு 32 பிட் மாறியில் வையுங்கள். மேசைக் கணினியில் 40,000. ஏவிஆரில் பெரும்பாலும் −25,536. பெருக்கல் நடப்பது இன்ட் என்ற முழு எண் வகையில், அங்கே இன்ட் என்பது 16 பிட்தான், 32,767-க்கு மேல் கொள்ளாது. உங்கள் சோதனை பச்சை காட்டும், சிப் தவறாகக் கணக்குப் போடும். அதே சோதனைகளை ஏவிஆருக்குக் கம்பைல் செய்து சிம்ஏவிஆரிலும் ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.

இந்த இழையில் பேசும் பிழை மேசைக் கணினியில் வரவே வராது. அங்கே 16 பிட்டை ஒரே கட்டளையில் படித்துவிடும்.

#25 அலைமானி

டீபக்கரைப் பற்றியும் சொல்ல வேண்டும், அதை எல்லாரும் நடுநிலைச் சாட்சி என்று நினைத்துவிடுகிறார்கள். எஸ்டிஎம்32 சிப்பில் ஒருமுறை சீரியல் போர்ட்டில் பைட் தொலைந்துகொண்டே இருந்தது. இரண்டு நாள் தேடினேன். காரணம், திரையில் நான் திறந்து வைத்திருந்த ரெஜிஸ்டர் பார்வை. ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் டீபக்கர் எல்லா ரெஜிஸ்டரையும் படிக்கிறது, டேட்டா ரெஜிஸ்டரையும் சேர்த்து. அதைப் படித்தாலே பைட் வந்திருக்கிறது என்ற கொடி அழிந்துவிடும். என் நிரலுக்கு வந்த பைட்டை டீபக்கர் எடுத்துக்கொண்டிருந்தது.

அதற்கு நேர்மாறாக, டீபக்கர் இருந்தால் மட்டும் ஓடும் நிரலும் உண்டு. ஆர்ம் கார்டெக்ஸ் எம் சிப்புகளில் செமிஹோஸ்டிங் (டீபக்கர் மூலம் மேசைக் கணினித் திரையில் எழுதும் முறை) வழியாக அச்சிட்டால், நிரலுக்குள் ஒரு பிரேக்பாயின்ட் கட்டளை உட்கார்ந்துகொள்ளும். டீபக்கர் இணைந்திருந்தால் அது செய்தியை எடுத்துத் திரையில் போட்டுவிட்டுத் தொடரவிடும். இணைக்காமல் ஓட்டினால் நேராக ஹார்டு ஃபால்ட், அதாவது செயலி தொடர முடியாத பிழை நிலை. மேசையில் ஓடியது, களத்தில் செத்துக் கிடக்கிறது என்று யாராவது சொன்னால் முதலில் இதைப் பார்ப்பேன்.

#26 இரும்புப்பெட்டி

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுட்டிமுனை வைத்திருக்கும் சிப்பில் டீபக்கரை இணைக்க டீபக்வயர் என்ற இணைப்புதான் வழி. அதில் வைக்கும் மென்பொருள் பிரேக்பாயின்ட் ஒவ்வொன்றும் நிரல் இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்தில் ஒரு பிரேக் கட்டளையை எழுதுகிறது, எடுக்கும்போது மறுபடி எழுதுகிறது. பழையகிட் ஐயா சொன்ன ஆர்எஸ்டி 7 வேலையேதான், ஆனால் ராமில் இல்லை, 10,000 தடவை எழுதத் தாங்கும் என்று சொல்லப்பட்ட ஃபிளாஷில். டீபக் செய்து தேய்ந்த சிப்பை வாடிக்கையாளருக்கு அனுப்பாதீர்கள் என்று டேட்டாஷீட்டிலேயே இருக்கிறது. தம்பி, இயந்திரத்தில் மாட்டப்போகும் சிப் புதியதாக இருக்கட்டும்.

மூலக்கோப்பு சொன்ன சோதனையை யாராவது செய்து காட்டினால் நானும் பார்க்கிறேன். இன்டரப்டை ஒவ்வொரு கட்டளைக்கும் நடுவில் எழுப்பலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

#27 சுட்டிமுனை

மூன்று நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். செய்து முடித்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று இருந்தேன்.

சோதனை நிரல் நூறு வரிக்குள் அடங்கிவிட்டது. திருத்துவதற்கு முன்: லூப்பில் 1,312 இடங்கள், ஒன்றே ஒன்றில் மட்டும் தவறு, மதிப்பு 511. அந்த இடத்தின் முகவரியை லிஸ்டிங்கில் தேடினேன். முதல் எல்டிஎஸ்ஸுக்கும் இரண்டாவதற்கும் நடுவில். எண்ணியை 511-இல் வைத்து ஓட்டினால் அதே இடத்தில் 767. எழுத்தில் படித்தபோது புரிந்ததுதான், ஆனாலும் அந்த ஒரு வரி திரையில் வந்ததைப் பார்த்தபோது எழுந்து நின்றுவிட்டேன்.

அட்டாமிக் பிளாக் போட்ட பின்: மூன்று கட்டளை கூடி 1,315 இடங்கள், தவறு பூஜ்யம். கூடுதல் செலவு மூன்று சுழற்சி. தொடக்க நேரத்தைப் படிக்கும் இடத்தையும் அப்படியே மாற்றினேன். போர்டிலும் இரண்டு ராத்திரி பதிவு எடுத்தேன், 14,000 துடிப்புக்கு மேல், குறுகியது ஒன்றும் இல்லை.

இரும்புப்பெட்டி அண்ணா, சோதனை நிரலை உங்களுக்குத் தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.

#28 இரும்புப்பெட்டி

வந்தது. என்னிடம் இருக்கும் ஒரு பழைய மோட்டார் கட்டுப்பாட்டு நிரலை அதில் ஓட்டினேன், மோட்டார் சுழல்வதை அளக்கும் என்கோடரின் எண்ணி 32 பிட். நான்கு பைட், நடுவில் மூன்று இடைவெளி. மூன்றிலும் தவறு காட்டியது. வருடத்துக்கு ஒருமுறை எங்கிருந்தோ ஒரு புகார் வரும், கேபிள் என்று சொல்லி மாற்றிக் கொடுப்போம். இன்று ராத்திரியே திருத்துகிறேன். நன்றி தம்பி.

#29 பழையகிட்85

சுட்டிமுனை, இன்டரப்டோடு பகிரும் மாறி அந்த ஒன்றுதானா? மாறிகளின் முகவரிகளைப் பட்டியலிடும் மேப் கோப்பைத் திறந்து, இரண்டு பைட்டும் அதற்கு மேலும் உள்ள மாறிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

#30 சுட்டிமுனை

பார்த்தேன் ஐயா. இன்னொன்று இருக்கிறது. பெட்டி எண்ணிக்கை, 16 பிட், சென்சார் இன்டரப்டில் கூடுகிறது, திரை எழுதும் இடத்தில் படிக்கிறேன். திரையில் எண்ணிக்கை எப்போதாவது ஒரு கணம் எகிறித் திரும்புகிறது என்று இயந்திரத்தை இயக்குபவர் போன மாதமே சொல்லியிருந்தார். திரை மங்கலாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். அவரிடம் இப்போதுதான் பேசினேன், 255-க்குப் பிறகு 511 என்று வந்ததா என்று கேட்டேன். ஐந்நூற்றுச் சொச்சம் என்று மட்டும் நினைவிருக்கிறது என்றார்.

சோதனையை அந்த மாறிக்கும் ஓட்டிவிட்டேன். ஓர் இடம் சிவப்பு. திருத்திக்கொண்டிருக்கிறேன்.